மார்கழிப் பனியும் நம்ம ஓட்டமும்

 

இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘குளிர்காலத்தில் உடற்பயிற்சி’ என்ற தலைப்பைக் கேட்டு வாங்கினது நான்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் இல்லை. போன வருஷம் நான் பட்ட பாடுதான் காரணம்.

அரையாண்டுத் தேர்வு முடிஞ்சு லீவு விட்டாங்க. அதுவரைக்கும் தினமும் சாயந்திரம் கோ-கோ ஆடிக்கிட்டு இருந்தவள், லீவில் காலை ஏழரை வரைக்கும் கம்பளிக்குள்ளேயே கிடந்தேன். எழுந்தாலும் டி.வி. முன்னாடிதான். “பனியில வெளியே போகாதே, சளி பிடிச்சுக்கும்”னு அம்மாவும் சொல்லிட்டாங்க. எனக்கும் அது வசதியா இருந்தது. பொங்கலும் போச்சு. மூணு வாரத்துக்கு மேல ஓட்டமே இல்லை.

பிறகு விளையாட்டு விழா வந்தது. காலையில் பனி இன்னும் முழுசா விலகலை. தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள் நான். சால்வையைப் போர்த்திக்கிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், பேரைக் கூப்பிட்டதும் நேராப் போய் நின்னு ஓடினேன். பாதி தூரத்தில் கெண்டைக்கால் சதை சுரீர்னு இழுத்துக்கிச்சு. கையில் கட்டையைப் பிடிச்சபடியே தரையில் உட்கார்ந்துட்டேன். எனக்கு முன்னாடி ஓடின மூணு பேரோட உழைப்பும் என்னால வீணாப்போச்சு. அந்த மூணு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. கால் வலியை விட அதுதான் எனக்கு வலிச்சது.

“குளிராலதான் டீச்சர் இப்படி ஆயிடுச்சு”ன்னு பி.டி. டீச்சர்கிட்ட சொன்னேன். “குளிர் மட்டும் காரணம் இல்லம்மா. மூணு வாரம் சும்மா இருந்தே. அன்னிக்கும் உடம்பைச் சூடு பண்ணாம ஓடினே”ன்னாங்க. அதுக்கப்புறம் டீச்சர்கிட்ட கேட்டும், நூலகத்தில் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுறேன்.

நம்ம ஊர்க் குளிர்

பென்னாகரத்துக் குளிரைக் குளிர்னு சொன்னா ஊட்டிக்காரங்க சிரிப்பாங்க. அங்கே ஜனவரியில் புல் மேல உறைபனி படியும். நமக்கு மார்கழி, தை விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதே நாள் மதியம் 30 டிகிரி பக்கம் ஏறிடும். அதாவது நம்மளுடையது நாள் முழுக்க இருக்கிற குளிர் இல்லை, காலைக் குளிர்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

இன்னொரு விஷயம். வருஷத்திலேயே பகல் குறைவான நாள் டிசம்பர் 21 அல்லது 22. நம்ம பக்கம் அன்னிக்குப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஆனா சூரியன் ரொம்பத் தாமதமா உதிப்பது அன்னிக்கு இல்லை. ஜனவரி பாதி தாண்டின பிறகுதான். அப்போ சூரியன் வரவே ஆறேமுக்கால் ஆகிடும். பொங்கல் முடிஞ்சும் காலையில் இருட்டா இருக்கேன்னு நமக்குத் தோணுவது இதனால்தான். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’னு பெரியவங்க சும்மா சொல்லலை.

உடம்புக்குள்ளே என்ன நடக்குது?

நம்ம உடம்பின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெளியே குளிர்ந்தால் அதைக் காப்பாத்த, தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கும். ரத்தம் உள்ளே இருக்கிற முக்கிய உறுப்புகள் பக்கம் போகும். அதனாலதான் விரல் நுனி சில்லுனு ஆகுது. தசையும் இறுகி, விறைப்பா இருக்கும். வீட்டில் பழைய மொபெட் இருந்தால் தெரியும். மார்கழிக் காலையில் ஒரே உதையில் கிளம்பாது. கிளம்பினாலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் எடுக்கணும். நம்ம தசையும் அப்படித்தான்.

ஆனா அந்தத் தசைக்கு உள்ளேயே ஒரு அடுப்பு இருக்கு! தசை வேலை செய்யும்போது, செலவாகிற சக்தியில் சுமார் நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறும். மீதி முக்கால் பங்கும் வெப்பமாகத்தான் வெளியே வரும். குளிரில் பல்லு கிடுகிடுன்னு நடுங்குதே, அதுகூட உடம்பு தானாகவே தசையை ஆட்டிச் சூடு உண்டாக்கும் வேலைதான். நாமே கை காலை அசைச்சா உடம்பு நடுங்க வேண்டிய அவசியமே இருக்காது. கம்பளி சூடு கொடுப்பதில்லை, இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். சூட்டை உண்டாக்குவது நம்ம உடம்புதான்.

சும்மா இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ரெண்டு மூணு வாரம் பயிற்சியை விட்டாலே மூச்சு பிடிச்சு ஓடுகிற திறன் குறைய ஆரம்பிக்கும். ஜூன் மாசத்திலிருந்து சேர்த்ததை மார்கழியில் செலவு பண்ணிடுறோம்.

அம்மா சொன்னது சரியா?

பாதி சரி. சளி பனியிலிருந்து வருவதில்லை, வைரஸ் கிருமியால் வருது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி எல்லாரும் ஒரே அறையில் நெருங்கி இருக்கும்போது அது சுலபமா ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குப் பரவும். ஆனா குளிர்ந்த காற்று மூக்கின் தற்காப்பைக் கொஞ்சம் குறைக்கும் என்பதும் உண்மை. மூச்சிரைப்பு இருக்கிறவங்களுக்குக் குளிர்காற்றில் ஓடினால் மார்பு இறுகும். அவங்க வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கிட்டு மெதுவா ஆரம்பிக்கணும். டாக்டர் கொடுத்த மருந்தைப் பக்கத்தில் வச்சுக்கணும். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் யாராக இருந்தாலும் ஓய்வுதான். இதையெல்லாம் அம்மாகிட்ட விளக்கிச் சொன்னேன். “அப்போ வெயில் வந்த பிறகு போ”ன்னு சொல்லிட்டாங்க. வழக்கு முடிஞ்சது!

எவ்வளவு நேரம் வேணும்?

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவங்க சராசரியாக தினமும் 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்லுது. வாரத்தில் 3 நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்துகிற ஓட்டம், குதித்தல் மாதிரி பயிற்சி வேணும். அறுபது நிமிஷமும் ஒரே மூச்சில் செய்யணும்னு இல்லை. பள்ளிக்கு வேகமாக நடப்பது, சைக்கிள் மிதிப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் கணக்கில் சேரும். மார்கழியில் வாசல் கூட்டி, குனிந்து நிமிர்ந்து கோலம் போடுற அக்காமாருங்க நாம எழுந்திருக்கும் முன்னாடியே உடம்பை அசைச்சு முடிச்சிருப்பாங்க!

உங்களுக்குத் தெரியுமா? 2016-ஆம் ஆண்டுத் தகவல்களை வைத்து உலக சுகாதார நிறுவனம் கணக்குப் பார்த்தது. உலகில் 11 முதல் 17 வயது மாணவர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவு அசைவதில்லை. பையன்களில் சுமார் 78 சதவீதம், பெண்களில் சுமார் 85 சதவீதம். தோழிகளே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. ஆறாம் வகுப்பில் நம்மோட ஓடினவங்க எத்தனை பேர் இப்போ மைதானத்தில் இருக்காங்க? குளிர் ஒரு சாக்கு, தேர்வு ஒரு சாக்கு, “பெரிய பொண்ணாயிட்டே”ன்னு ஒரு சாக்கு. ஒரு மார்கழியில் விட்டால் பலர் திரும்ப வர்றதே இல்லை. நானும் அப்படி ஆகியிருப்பேன்.

எப்போது ஆடலாம்?

பயிற்சின்னா விடிகாலை அஞ்சு மணிக்குத்தான்னு ஒரு எண்ணம் நமக்கு உண்டு. குளிர்காலத்தில் அது தேவையே இல்லை. நம்மளுடையது காலைக் குளிர்னு முன்னாடி சொன்னேனே, அதனால நேரத்தை மாத்தினாலே போதும். விடிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்குவதால் புகையும் தூசியும் மேலே போகாமல் கீழேயே நிற்கும். போகி அன்னிக்கு இது ரொம்ப மோசம். அன்னிக்குக் காலையில் ஓடாதீங்க, டயரையும் எரிக்காதீங்க.

என்னுடைய அட்டவணை இதுதான்:

காலை ஏழு மணிக்கு மேல், வீட்டு வாசலில் 10 நிமிஷம் கயிறு தாண்டுதல்.
பள்ளிக்குப் போக வர, வேக நடை 20 நிமிஷம்.
மதியச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரம் விட்டு, பாண்டி ஆட்டம் 10 நிமிஷம்.
சாயந்திரம் பள்ளி விட்டதும் இருட்டுவதற்குள் கோ-கோ 30 நிமிஷம்.

கூட்டிப் பாருங்க, 70 நிமிஷம் வருது. இதில் எதுவுமே பனியில் இல்லை!

முதல் பத்து நிமிஷம்

நான் தவறவிட்டது இதைத்தான். எந்த விளையாட்டுக்கும் முன்னாடி:

1. ரெண்டு நிமிஷம் நடை, பிறகு மூணு நிமிஷம் மெதுவான ஓட்டம்.
2. கைகளை ஒகேனக்கல் பரிசலுக்குத் துடுப்பு போடுவது போல முன்னும் பின்னும் சுற்றுதல்.
3. முட்டியை இடுப்பு வரை தூக்கி நடத்தல், காலை முன்னும் பின்னும் வீசுதல்.
4. பத்துத் தோப்புக்கரணம். (தண்டனைன்னு நினைக்காதீங்க, தொடைக்கு நல்லது!)
5. கடைசியாக, பாதி வேகத்தில் ரெண்டு சின்ன ஓட்டம்.

லேசா வேர்க்கத் தொடங்கினால் தசை தயார்னு அர்த்தம். ஒரே இடத்தில் நின்று தசையை நீட்டிப் பிடிக்கிற பயிற்சியை ஆட்டம் முடிஞ்ச பிறகு செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

ஒரே தடிமனான ஸ்வெட்டரை விட ரெண்டு மெல்லிய சட்டை நல்லது. சூடேறினால் ஒண்ணைக் கழற்றிடலாம். வேர்த்த சட்டையோடு உட்காராதீங்க. ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துடும், உடனே மாத்துங்க.

குளிரில் தாகம் தெரியாது. ஆனா மூச்சு வழியாவும் வேர்வை வழியாவும் தண்ணீர் போய்க்கிட்டேதான் இருக்கும். தாகம் எடுக்கலைன்னாலும் குடிங்க.

மூடுபனியில் சாலையோரம் நடந்தால் வெளிர் நிறச் சட்டை போடுங்க. வலது ஓரமா நடங்க. அப்போதான் எதிரே வர்ற வண்டி உங்க கண்ணுக்குத் தெரியும். ஒகேனக்கல் ரோட்டில் விடிகாலையிலேயே வேன்கள் வேகமா வரும்.

ஆடி முடிச்சா பசிக்கும். கடையில் போண்டா தேட வேண்டாம். நம்ம வீட்டுக் கேழ்வரகுக் களியும் கொள்ளு ரசமும் இருக்கே! 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கு. அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டில் பெரியவங்க

எங்க ஆயா குளிர் வந்தால் திண்ணையை விட்டு இறங்கவே மாட்டாங்க. “முட்டி பிடிச்சுக்குது கண்ணு”ன்னு சொல்வாங்க. உட்கார்ந்தே இருந்தால் மூட்டு இன்னும் இறுகும். ஆனா பெரியவங்களை விடிகாலையில் நடக்கவும் விடக்கூடாது. குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். இதயக் கோளாறு இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து. அவங்க டாக்டரைக் கேட்டுட்டு, வெயில் வந்த பிறகு நடக்கலாம். இப்போ நான் லீவு நாளில் ஒன்பது மணிக்கு மேல் ஆயாவைத் தெரு முனை வரைக்கும் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். முதல் நாள் பாதித் தெருவோடு திரும்பினாங்க. இப்போ பிள்ளையார் கோயில் வரைக்கும் வர்றாங்க.

தமிழ்நாடு அரசும் 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்று என 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை தேர்ந்தெடுத்தாங்க. நம்ம தருமபுரி மாவட்டமும் அதில் உண்டு.

குளிருக்கு அஞ்சாதவர்கள்

ஜப்பானில் 1928 முதல் வானொலியில் இசையோடு உடற்பயிற்சி ஒலிபரப்புறாங்க. காலை ஆறரைக்கு வானொலியைப் போட்டு, மொத்தம் பத்தே நிமிஷம். பனி கொட்டும் ஊர்களில் வீட்டுக்குள்ளேயே நின்று செய்யலாம். இடமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜனவரி 13 முதல் 19 வரை முதலாவது கோ-கோ உலகக் கோப்பை டெல்லியில் நடந்தது. டெல்லி ஜனவரிக் குளிர் நம்ம குளிரை விடப் பல மடங்கு கடுமை. போட்டி உள்ளரங்கில்தான் நடந்தது, ஆனா அதுக்கான பயிற்சியைக் குளிர்னு விட்டிருந்தால் கோப்பை கிடைச்சிருக்குமா? இந்திய ஆண்கள் அணி, பெண்கள் அணி ரெண்டுமே இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை வென்று கோப்பை வாங்கின. நாம மண் தரையில் ஆடுற அதே கோ-கோதான்!

முடிவுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இந்த இதழுக்கும் சுவர் வேணும், நம்ம படிப்புக்கும் உடம்பு என்கிற சுவர் வேணும். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். திருப்புதல் தேர்வு நெருங்கினாலும் எங்க விளையாட்டுப் பாடவேளையை மட்டும் எங்களுக்கே விட்டுடுங்க. அந்த நாற்பது நிமிஷம் ஆடிட்டு வந்து கணக்கை இன்னும் நல்லாப் போடுறோம்.

தோழிகளே, திங்கட்கிழமை முதல் பள்ளி விட்டதும் வேப்பமரத்தடியில் கோ-கோ ஆடப் போறோம். ஆட்டம் தெரியாதவங்களும் வரலாம். முதல் பத்து நிமிஷம் சூடேற்றும் பயிற்சியை நானே சொல்லித் தர்றேன். போன வருஷம் என்னோடு தொடர் ஓட்டம் ஓடின அந்த மூணு பேரும் வர்றதாச் சொல்லிட்டாங்க. இந்த வருஷம் கட்டையைக் கடைசிக் கோடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுதான் என் ஆசை.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி