பேயுமில்லை, திமிருமில்லை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, என் மனநலக் கிளினிக் வரிசையில் அடுத்தடுத்து இரண்டு பேர் வந்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாமவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு மணிக்கட்டிலும் கயிற்றுத் தடம் புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. ஒரு மாதமாக இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கவில்லை. தூங்காத களைப்பும் இல்லை. நடுச்சாமத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பியிருக்கிறார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, லீசிங்கில் ஆட்டோ எடுத்து, தோட்டத்தையே விலைக்கு வாங்கப்போவதாகத் துரை பங்களா வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். முனி அடித்துவிட்டது என்று முதலில் பூசாரி, அடுத்து பேயோட்டும் ஒரு கட்டாடியா, அதற்குப் பிறகு தூணும் கயிறும். ஆஸ்பத்திரி நாலாவது இடம்.

இரண்டாவது, பத்தொன்பது வயதுப் பெண். கொழும்பில் துணிக்கடை வேலை. காதலன் ஒரு பின்னேரம் முழுக்கப் போனை எடுக்கவில்லை. விடிவதற்குள் முன்கையில் பிளேட்டால் கீறிக்கொண்டாள். இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் மஞ்சள் தூளும் பழந்துணியும்தான் வைத்தியம். "எல்லாம் திமிரு டொக்டர், நாலு போடு போட்டா அடங்கிடுவா" என்றார் கூட வந்த சித்தப்பா. நாலு போடு ஏற்கெனவே போட்டாயிற்று என்பது அவள் முதுகில் தெரிந்தது.

இருவருக்கும் இருப்பது நோய். முதலாமவருக்குப் பைபோலர், அதாவது இருதுருவ மனநிலைக் கோளாறு. அந்தப் பெண்ணுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. தோட்டத்து லயத்தில் முன்னதற்குப் பேய் என்று பேர், பின்னதற்குத் திமிர் என்று பேர். பேய்க்குப் பூசாரி இருக்கிறார், திமிருக்குப் பிரம்பு இருக்கிறது. இறக்குவானையிலிருந்து வந்தாலும் தெரணியகலையிலிருந்து வந்தாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

எந்த மழை என்று பாருங்கள்

இரண்டிலும் கோபம் உண்டு, கண்மண் தெரியாத செலவு உண்டு, சாக வேண்டும் என்ற பேச்சு உண்டு. படித்தவர்களே குழம்புவார்கள். பிரித்தறிய நான் முதலில் கேட்பது, எவ்வளவு நேரம் நீடித்தது, எதைத் தொட்டு வந்தது என்ற இரண்டு கேள்விகளைத்தான்.

சப்ரகமுவ மக்களுக்கு மழையை வைத்தே சொல்லலாம். வைகாசியில் பிடிக்கும் பருவமழை நாட்கணக்காக, கிழமைக்கணக்காக நிற்கும். யார் என்ன சொன்னாலும் விடாது. பைபோலர் அந்த மாதிரி. எழுச்சி நிலை ஒரு கிழமையோ அதற்கு மேலோ இருக்கும், மிதமானதாக இருந்தாலும் நாலு நாளாவது. சோர்வு நிலை இரண்டு கிழமைக்குக் குறையாது, பல மாதமும் இழுக்கும். அந்த மழை விட்டால் மனிதர் பழைய மனிதர்தான். வேலைப் பிரட்டுக்குப் போவார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார். இடையில் வெயில் காலம் உண்டு என்பதாலேயே "நல்லாத்தானே இருந்தாரு, யாரோ செஞ்சு வெச்சிட்டாங்க" என்ற பேச்சு எழுகிறது.

மற்றது சித்திரை மாதத்து மத்தியான இடிமழை. காலையில் பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்கு வானம் உடைந்து கொட்டும், ஐந்து மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். ஆளுமைக் கோளாறு உள்ளவரின் மனம் ஒரே நாளில் பல தடவை இப்படிக் கவிழும். கவிழ்ப்பது பெரும்பாலும் ஒரு உறவு. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் அடிவேர். நேற்றுத் தெய்வமாக இருந்த தோழி இன்று துரோகி. உள்ளே ஓயாத வெறுமை. நான் யார், எதற்கு இருக்கிறேன் என்று பிடி கிடைக்காத தவிப்பு. பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஆண்டுக்கணக்காகத் தொடரும். ஒரு சண்டையை வைத்து, ஒரு கீறலை வைத்து யாருக்கும் இந்தப் பட்டத்தைக் கட்டக்கூடாது. ஒன்பது அடையாளங்களில் குறைந்தது ஐந்து நிலையாக இருக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு.

சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அவர்கள் கதையைக் கேட்டு முடிக்கவே எனக்கு மூன்று நாலு கிளினிக் ஆகிறது.

கதை கேட்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிகளில் வைத்தியர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் மொழிபெயர்க்கும். "நெஞ்செல்லாம் வெறிச்சுன்னு இருக்கு" என்று ஒரு தாய் சொன்னது சிங்களத்தில் நெஞ்சு வலியாகிவிட்டது. ஈசிஜி எடுத்து, நல்லாயிருக்கு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை மீது என்ன குற்றம்? தாயின் வெறுமையைப் பத்து வயதில் யாரால் மொழிபெயர்க்க முடியும்?

லயத்துப் பேச்சும் என் பதிலும்

"முனி அடிச்சிருச்சு." நான் சாமிக்கு விரோதியில்லை. கொழுந்து ஃபெக்டரியில் ரோதமுனி சாமியைக் கும்பிட்டுவிட்டு இயந்திரத்தில் கைவைக்கும் மக்களின் பிள்ளைதான் நானும். சாமியாடுவது நோயில்லை. திருவிழாவில் அருள் வந்து ஆடுகிறவர் திருநீறு பூசியதும் இறங்குவார், மறுநாள் வேலைக்குப் போவார். இருபது நாளாக இறங்காமல், தூங்காமல், கடன் வாங்கிக்கொண்டே இருப்பது அருள் இல்லை. கையில் மந்திரித்த கயிறு கட்டுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. மாட்டுக் கயிறு கட்டாதீர்கள். மிளகாய்ப் புகை போட்டு மூச்சுத் திணறியவர்களையும், ஊமத்தை கலந்த கஷாயம் குடித்து இன்னும் மோசமாகப் பிதற்றியவர்களையும் பார்த்துவிட்டேன். பிறகு அந்தப் பிதற்றலைக் காட்டியே "பேய் பேசுது" என்கிறார்கள்! பட்டினி போட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருந்து கொண்டுவந்தால், மனதைப் பார்ப்பதற்கு முன் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாகிடும்." எத்தனை பெண்களின் வாழ்க்கை இந்த ஒரு வாக்கியத்தில் போயிருக்கிறது என்று கணக்கெடுத்தால் தாங்காது. பைபோலர் உள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்திய முதல் சில கிழமைகள்தான் மிக ஆபத்தானவை. மருந்து தெரியாது, நோய் தெரியாது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவுமில்லை. பச்சைப்பிள்ளையோடு அவள் ராத்திரியெல்லாம் நடக்கும்போது "மாமியா கொடுமை" என்று இவர்களும் "பொய் சொல்லிக் கட்டி வெச்சிட்டாங்க" என்று அவர்களும் அடித்துக்கொள்வார்கள்.

"சும்மா மிரட்டுறா." இதைக் கேட்டால்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சொல்கிறவர் செய்யமாட்டார் என்பது சுத்தப் பொய். ஒரு தடவை தன்னைக் காயப்படுத்தியவருக்கு அடுத்த தடவை உயிர் போகும் வாய்ப்புக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேரே கேட்பதால் யாரும் சாவதில்லை. பெனடோலை அள்ளி விழுங்கிவிட்டு மறுநாள் எழுந்து தேத்தண்ணி குடித்தால் தப்பிவிட்டாள் என்று நினைக்கிறீர்கள். ஈரல் மூன்றாம் நாள்தான் கணக்குக் கேட்கும். எட்டு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றுமருந்து இருக்கிறது, ஈரல் பெரும்பாலும் தப்பும். பொலிஸ் பிடிக்கும் என்று மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998 முதல் குற்றமே இல்லை.

"தாய் குவைத்துக்குப் போனதாலதான்." அந்தத் துணிக்கடைப் பெண்ணின் தாய் போனது அவளுக்கு நாலு வயதில். தகப்பன் கசிப்பில் கிடந்தார். இளம் வயதில் பட்ட காயங்களுக்கும் இந்த ஆளுமைக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாய் போன எல்லாப் பிள்ளைக்கும் இது வருவதில்லை. போகாத தாயின் பிள்ளைக்கும் வருகிறது. பிறவியிலேயே மெல்லிய தோலுள்ள மனம் சிலருக்கு, அதன் மேல்தான் காயம் விழுகிறது. லயக் காம்பராவுக்கு ஒரு சுவர் எழுப்பப் போன பெண்ணை ஊர் கூடித் திட்டுவது எந்த நோயையும் குணமாக்காது. பைபோலரில் பரம்பரையின் பங்கு இன்னும் பெரிது. அங்கேயும் நோயுள்ளவரின் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதில்லை.

"பொறவிக் குணம், மாறாது." மாறும். அமெரிக்காவில் இந்த ஆளுமைக் கோளாறு உள்ளவர்களைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அறிகுறிகள் குறைந்தது இரண்டு ஆண்டுக்குத் தணிந்திருந்தன. இந்தக் கோளாறுக்கு இன்று பெயர்பெற்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லைன்ஹான், தானே பதின்ம வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மனநல வைத்தியசாலையில் கிடந்தவர். 2011இல் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். அந்தச் சிகிச்சை முழு வடிவில் எங்கள் பக்கத்தில் கிடைப்பது அரிது. ஆனால் கொந்தளிப்பு ஏறும்போது அதைக் கடத்திவிடும் பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கோளாறுக்கு மாத்திரை துணைக்குத்தான். பேச்சும் பொறுமையும்தான் வைத்தியம்.

இப்போது புதிதாக ஒன்று: டிக்டொக்கில் பார்த்துவிட்டு "எனக்கு பைபோலர்" என்று வரும் இளசுகள். வரட்டும், வராமலிருப்பதைவிட நல்லது. முடிவை மட்டும் போனிடம் கேட்காதீர்கள்.

மாத்திரையைப் பங்கு போடும் குடும்பங்கள்

பைபோலருக்கு லித்தியம் நல்ல மருந்து. ஜப்பானியர் சிறையில் மூன்றரை ஆண்டு கிடந்து மீண்ட ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய வைத்தியர் 1949இல் அதன் பலனை எழுதினார். இன்றும் அதற்கு நிகரானது குறைவு. நல்ல மருந்துதான், விளையாட்டு மருந்தில்லை. அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்கும் பாதி உடைத்துக் கொடுத்த ஒரு தாயைப் பார்த்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே கோபந்தானே டொக்டர்" என்றார். சிரிக்கவும் முடியவில்லை.

முதுகுவலி, முழங்கால்வலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாத வீடு தோட்டத்தில் இல்லை. லித்தியம் எடுப்பவர் அதைப் போட்டால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சலோடு தண்ணீர் குறைந்தாலும் ஏறும். எலிக்காய்ச்சல் அதிகமுள்ள இரத்தினபுரியில் இது சின்ன விஷயமில்லை. கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் அன்றைக்கே வாருங்கள், அடுத்த கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம். லித்தியத்துக்கு இரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைரொயிட் ஆகிய பரிசோதனைகள் உண்டு.

சோர்வில் இருக்கும் பைபோலர்காரருக்குப் பக்கத்து வீட்டாரின் மனச்சோர்வு மாத்திரையைத் தனியே கொடுத்தால் அது அவரைக் கூரைக்கு மேல் ஏற்றிவிடலாம். வல்ப்ரோயேட் மருந்து எடுக்கும் பெண்கள் கர்ப்பத்தைப் பற்றி முதலிலேயே எங்களிடம் பேசியாக வேண்டும், கருவிலுள்ள பிள்ளைக்கு ஊனம் வரலாம். போன வருஷத்துத் துண்டைக் காட்டி மருந்து வாங்குவது, சுகமானதும் நிறுத்துவது, நிறுத்தியதைச் சொல்லாமலிருப்பது... எழுதிக்கொண்டே போகலாம். யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது?

ஒரு நாள் பேர்

பிந்தி வருவதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பட்டணத்துப் பேச்சு. 2021இல் ஆயிரம், 2024இல் 1350 ரூபாய் என்று ஏறிவந்த நாட்கூலியில், கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். துணைக்கு வருகிறவரின் பேரும் போகும். மழையால் பால் வெட்டு நின்ற மாதத்தில் யார் வருவார்கள்? அதனால்தான் சொல்கிறேன்: அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. சின்ன ஆஸ்பத்திரியில் கேட்டாலே கிளினிக் நாளைச் சொல்வார்கள். வர முடியாத இரவில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

கெஞ்சிக் கேட்கிறேன்

தூக்கத்தைக் கவனியுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை எழுச்சி வந்தவர் இரண்டு மூன்று இரவு தூங்காமலே உற்சாகமாக இருந்தால் அதுதான் முதல் தூறல். ஊர் சிரிக்கும் வரை காத்திருக்காதீர்கள், சங்கிலி அடகுக்குப் போகும் முன் வாருங்கள்.

களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையில் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளையும், 2008 தொடங்கிப் படிப்படியாகப் பராகுவாட் களைக்கொல்லியையும் அரசு தடைசெய்தது. அந்த எண்ணிக்கை பின்னர் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. கவலையா குறைந்துவிட்டது? கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லை, அவ்வளவுதான். இடிமழை ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலம் அவள் கைக்கு எதுவும் எட்டாமலிருந்தால் போதும், பின்னேரம் அவளே அடுப்புப் பற்றவைப்பாள்.

அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள். யார் சரி என்று வழக்குப் பேசாதீர்கள். "நான் இங்கதான் இருக்கேன், போகமாட்டேன்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தச் சித்தப்பாவிடமும் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு ஒரு நாள் பேரை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், பக்கத்து வீட்டில் வாங்கினதையும் சேர்த்து, தகட்டோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஏசமாட்டேன்.