முயலின் கண்ணைக் காத்த நிதி

1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு முழுப் பக்க விளம்பரம் வந்தது. இரு கண்களும் மறைக்கப்பட்ட வெள்ளை முயலின் படம் அது. அழகுக்காக ரெவ்லான் நிறுவனம் எத்தனை முயல்களின் பார்வையைப் பறிக்கிறது என்று கேட்டது. அதை வெளியிட முன்னின்றவர் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர். மாற்றுச் சோதனையைக் கண்டுபிடிக்கப் பணம் கொடுங்கள் என்பதே அவர் கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டுகளில் 7.5 லட்சம் டாலர் தர ரெவ்லான் முன்வந்தது. 1981இல் அழகுப்பொருள் துறையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுமுறைகளுக்கான ஆய்வு மையமே உருவானது.

பிரச்சினை 1944இல் நச்சியலாளர் ஜான் டிரேய்ஸ் வகுத்த சோதனை. முயலின் ஒரு கண்ணில் பொருளை இடுவார்கள். மறு கண் ஒப்பீட்டுக்கு. சிவப்பு, வீக்கம், விழிவெண்படலம் மங்குவது ஆகியவற்றுக்கு நாள்கணக்கில் மதிப்பெண் போடுவார்கள். கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். அறிவியலாகவும் அது தள்ளாடியது. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு, நம்மைவிடக் குறைவாகவே கண் சிமிட்டும். ஒரே பொருட்களை இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களில் சோதித்து 1971இல் வெளியான ஆய்வில், முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெகுவாக மாறின.

இன்று அந்த இடத்தில் மனித செல்கள் நிற்கின்றன. மெல்லிய சவ்வின் மீது வளர்த்தால் அவை விழிவெண்படலத்தின் மேலடுக்கைப் போலவே அடுக்கடுக்காக அமைகின்றன. அதன் மேல் பொருளை இட்டு, கழுவி, மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்தால், எவ்வளவு செல்கள் பிழைத்தன என்பது தெரிந்துவிடும். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. இம்முறையை ஏற்றது 2015இல்தான்.

விளம்பரத்துக்கும் ஒப்புதலுக்கும் இடையே 35 ஆண்டுகள். புது முறையைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. பல ஆய்வகங்கள் ஒரே பொருட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்து, ஒரே விடை வருகிறது என்று காட்ட வேண்டும். பரிசோ புகழோ தராத இந்தச் சரிபார்ப்பு வேலைக்குப் பணம் தர ஆள் கிடைப்பது அரிது. நல்ல முறைகள் பல அங்கேயே தேங்கிவிடுவது எனக்குப் பெரும் வருத்தம்.

நம் மண்ணிலும் மாற்றுமுறைகளுக்கு விதை உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் 2009இல் தொடங்கியது ஒரு சுவிஸ் அறக்கட்டளையின் உதவியால். 2014இல் இந்தியா அழகுப்பொருட்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. 2023இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, மனித செல்கள், உறுப்பைப் போலச் செயல்படும் செல் சில்லுகள், கணினி மாதிரிகள் ஆகியவற்றின் தரவுகளுக்கும் இடமளித்தது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. இனி நம் மருத்துவ ஆராய்ச்சி நிதியில் சரிபார்ப்புக்கென்றே தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த முறைக்கும் 35 ஆண்டுகள் காத்திருக்க வைக்கக் கூடாது.