புதிய பயிற்றுநரும் பழைய சந்தேகமும்

நாவாந்துறை, பாசையூர், குருநகர், இளவாலை, மயிலிட்டி முதலிய ஊர்களில் மாலை வேளையில் உதைபந்தாட்டம் பார்க்கச் செல்வோர் ஓர் உண்மையை விரைவிலேயே அறிந்து கொள்வர். களத்தினுள்ளே ஆடுவோர் 22 பேர். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்களோ அனைவரும் பயிற்றுநர்கள்! யாரை முன்னே நிறுத்துவது, யாரை இடைவேளையோடு வெளியே எடுப்பது என்பதெல்லாம் அவர்களுக்குக் கரதலப் பாடம். பகலில் வலையோடு போராடி, மாலையில் பந்தோடு போராடிய தலைமுறைகள் வளர்த்த ஆட்டம் இது. ஆகவே புதிதாக ஒருவர் பயிற்றுநராக நியமனம் பெற்றால் அவரைக் கேள்வி கேளாமல் ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கமன்று.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கைத் தேசிய அணிக்குக் குவைத் நாட்டவரான அப்துல்லா அல்முத்தைரி தலைமைப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. அவர் யார் என்று தெரியாதிருந்தாலாவது ஐயம் சிறிதாக இருந்திருக்கும். தெரிந்திருந்ததே தொல்லையாயிற்று. 2021 இல் மாலைதீவில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ணப் போட்டியில் அவர் நேபாள அணியின் பயிற்றுநர். அந்த அணி இலங்கையை 3-2 என்று வென்றது. அத்தோடு நில்லாமல் முதன்முறையாக இறுதியாட்டத்துக்கும் சென்றது. அங்கே இந்தியாவிடம் 3-0 என்று தோற்றது வேறு விடயம். திறமைக்கு இது சான்று. ஆனால் அதே நேபாளத்தில் சங்க அதிகாரிகளோடும் வீரர் சிலரோடும் அவருக்கு நேர்ந்த பிணக்குகள் செய்தித்தாள்களில் ஒளிவுமறைவின்றி வெளிவந்தவை. ஏற்கனவே சச்சரவுகளால் நலிந்திருந்த எங்கள் உதைபந்தாட்டத்துக்கு இன்னொரு சச்சரவும் வேண்டுமா என்று பலர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை.

நலிவு என்று சொன்னது மிகையன்று. 2019 இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் தென்கொரியாவிடம் 8-0 என்று இலங்கை தோற்றது. 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனமான பீபா, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது; அத்தடை நீங்க ஆகஸ்ட் மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தடை நீங்கி அதே ஆண்டு ஒக்டோபரில் யேமன் நாட்டோடு ஆடியபோது முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோல்வி. கொழும்பில் 1-1 என்று சமநிலை. உலகத் தரவரிசையில் 200 க்கும் கீழே கிடந்த அணி அது. அடிக்கடி பயிற்றுநர் மாறுவதைப் பார்த்துச் சலித்த இரசிகன், 'இன்னுமொருவரா?' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

பிறகு நடந்தது என்ன? 2024 செப்டெம்பர் 5 ஆம் திகதி கொழும்பு றேஸ்கோர்ஸ் மைதானத்தில் கம்போடியாவோடு ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். கோலின்றி முடிந்தது. சந்தேகக்காரர் தலையசைத்தனர். ஐந்து நாள் கழித்து அந்நாட்டுத் தலைநகரான புனோம்பென்னில் மறு ஆட்டம். 2-2 என்று சமநிலை. வெற்றியைத் தீர்மானிக்கும் சமநிலை தவிர்ப்பு உதைகளில் 4-2 என்று இலங்கை வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. 2025 மார்ச்சில் தாய்லாந்தோடு அந்நாட்டிலேயே ஆடி 1-0 என்று தோற்றது. தோல்விதான். ஆயினும் தாய்லாந்தின் வன்மையை அறிந்தவர்கள் அந்த ஒற்றைக் கோலை இகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. 2025 ஜூன் 10 ஆம் திகதி கொழும்பில் சீனத் தாய்பே அணியை 3-1 என்று இலங்கை வென்றபோது, முன்னர் முகத்தைத் திருப்பியவர்கள் பலர் மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினர். 'ஆள் பரவாயில்லைப் போல' என்பது எங்களூரில் பெரிய பாராட்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். முன்னர் சந்தேகித்ததற்கு அவருடைய பெயரும் பழைய கதையும் காரணம். இப்போது புகழ்வதற்கு இரண்டு மூன்று முடிவுகள் காரணம். இரண்டுமே அவர் செய்த வேலையைப் பார்த்த தீர்ப்பு ஆகா. பயிற்றுநர் ஒருவரால் உண்மையில் விளைந்த மாற்றம் எவ்வளவு என்பதை எப்படி அளப்பது?

அதற்குப் பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் ஒரு நல்ல பரீட்சை நடந்தது. சென்னையின் எப்.சி. என்ற கழகம் 2018 இல் ஜோன் கிரகரி என்ற ஆங்கிலேயரின் பயிற்சியில் இந்தியன் சுப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. அடுத்த பருவத்திலேயே அதே பயிற்றுநரின் கீழ் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. 2019 இல் மறுபடியும் தொடங்கிய பருவத்தில் முதல் நான்கு ஆட்டங்களிலும் ஒரு கோலேனும் அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்களின் முடிவில் கையிலிருந்தவை 5 புள்ளிகள். கிரகரி விலகினார்.

டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் அவ்விடத்துக்கு வந்தவர் ஓவன் கோய்ல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 2009 இல் பேர்ண்லி என்ற சிறு கழகத்தை இங்கிலாந்தின் முதற்பிரிவுக்கு உயர்த்திய பெருமை அவருக்கு உண்டு. அதன் பின்னர் வந்த வரலாறோ அத்தனை இனிமையானதன்று. அவர் பொறுப்பிலிருந்த போல்ட்டன் 2012 இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது; விகன், பிளாக்பேர்ண் ஆகிய கழகங்களில் அவர் நிலைக்கவில்லை; 2018 மார்ச்சில் ரொஸ் கவுண்டி கழகத்தையும் விட்டு விலகியிருந்தார். இந்தியாவின் வெயிலும் புல்தரையும் அவருக்குப் புதியவை. மூழ்கும் கப்பலுக்கு இவரா மாலுமி என்று ஐயுறுவதற்கு வேண்டிய யாவும் அவருடைய வரலாற்றிலேயே இருந்தன.

அவர் தொடக்கத்திலேயே வெற்றிமாலை சூடவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. முதல் ஆட்டம் ஜம்ஷெட்பூரில் 1-1. கோவாவிடம் 4-3 என்று தோல்வி. 2020 ஜனவரி 6 இல் ஒடிசாவிடம் மீண்டும் தோல்வி. அன்றோடு இவர் கதையும் முடிந்தது என்று தீர்ப்பெழுதியவன், நான்கு நாள் பொறுத்திருந்தால் பேனாவை மூடியிருப்பான். ஜனவரி 10 முதல் லீக் முடியும் வரை அந்த அணி ஓர் ஆட்டத்தையும் தோற்கவில்லை. கொச்சியில் கேரள அணிக்கு எதிராக 6-3! அவர் பொறுப்பேற்ற பின் ஆடிய 12 லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று சமநிலை, இரண்டு தோல்வி. 5 புள்ளிகளோடு கிடந்த அணி 29 புள்ளிகளோடு நான்காம் இடத்துக்கு வந்தது. அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று வென்று, கோவாவில் 4-2 என்று தோற்று, கூட்டுத்தொகையில் 6-5 என்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. பெருந்தொற்றுக் காரணமாக மார்ச் 14 இல் வெறும் இருக்கைகளின் முன் நடந்த அவ்விறுதியில் கொல்கத்தாவின் ஏ.ரி.கே. அணி 3-1 என்று கிண்ணத்தைக் கொண்டு சென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வெற்றிகளின் தொகை அன்று. பருவத்தின் நடுவே வந்தவருக்குப் புதிய அணியொன்று திரட்ட நேரமேது? கிரகரியின் கீழ் கோலடிக்க வழி தெரியாது திகைத்த அதே ஆட்டக்காரரையே பெரும்பாலும் அவர் ஆடவிட்டார். லிதுவேனியா நாட்டு முன்வரிசை வீரர் நெரியூஸ் வால்ஸ்கிஸ், பிரேசில் நாட்டு ரபாயேல் கிரிவெல்லாரோ ஆகியோர் புதிதாக இறக்குமதியானவர்கள் அல்லர்; முன்பிருந்தே அங்கிருந்தவர்கள். அவ்வாண்டு 15 கோல்களோடு தங்கப் பாதணியை வென்றவர் அந்த வால்ஸ்கிஸே. தோட்டம் அதுவே, கிணறும் அதுவே. துலா மிதித்தவர் மட்டும் மாறினார். ஆகவே சென்னை இரசிகர்கள் கோய்லைப் பற்றிய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டதற்கு உறுதியான ஆதாரம் இருந்தது.

அதே கோய்ல் 2023 இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். 2024-25 பருவத்தில் அவ்வணி பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே நின்றது. 1996 இல் ஜப்பானிலிருந்து ஆர்சனல் கழகத்துக்கு வந்தபோது இலண்டனில் பலருக்குப் பெயரே தெரியாதிருந்த ஆர்சென் வெங்கரை, 1998 இல் லீக்கையும் எப்.ஏ. கிண்ணத்தையும் ஒருங்கே வென்றபோது கொண்டாடியவர்களே பிற்காலத்தில் போய்விடுமாறு பதாகை பிடித்தனர். அவர் 2018 இல் விலகினார். மறுமதிப்பீடு என்பது ஒரு திசையில் மட்டும் ஓடும் வண்டியன்று.

நிற்க. சென்னையின் அளவுகோலை இலங்கை அணியின் மீது வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஏனெனில் இங்கே பயிற்றுநரோடு ஆட்டக்காரரும் மாறினர். ஜேர்மனியில் தொழில்முறையாக ஆடிய கிளோடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய ஜாக் ஹிங்கேர்ட் முதலியோர் இலங்கைச் சீருடை அணிந்தனர். வெளிநாட்டில் வளர்ந்த இலங்கை வம்சத்தவரை அழைக்கும் வழக்கம் இவர் தொடங்கியதன்று. 2021 இலேயே அதற்கு வழி திறந்தாயிற்று. ஆனால் இவர் காலத்தில் அது பெருகியது. அப்படியாயின் வெற்றி பயிற்றுநருடையதா, புதிதாக வந்த கால்களுடையதா?

இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறுவோர் ஒரு நுட்பத்தை மறந்துவிடுகின்றனர். கழகப் பயிற்றுநருக்கு நாள்தோறும் வீரர் கிடைக்கின்றனர். தேசியப் பயிற்றுநருக்கோ பீபா ஒதுக்கும் காலங்களில் சில நாட்களே கிடைக்கின்றன. அந்தச் சில நாட்களில் ஒருவனுக்குப் பந்தை நிறுத்தப் புதிதாகக் கற்பிக்க முடியாது. ஆகவே யாரைத் தெரிவு செய்வது என்பதே அவருடைய தொழிலில் பெரும்பங்கு. நல்ல வீரர் எங்கிருந்தாலும் தேடி, அவரை வரச் சம்மதிக்கச் செய்து, ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத கூட்டத்தை ஓர் அணியாக நிறுத்துவதும் திறமையே. அந்த அளவுக்கு அல்முத்தைரிக்குரிய மதிப்பைக் கொடுக்க மறுப்பது நேர்மையாகாது.

யாழ்ப்பாணத்து இரசிகனின் மனம் இதில் இரண்டுபட்டு நிற்கிறது. தேசிய அணியின் பட்டியல் வெளிவந்ததும் அதில் எங்கள் பெயர் எது என்று தேடுவது இங்கே பழைய பழக்கம். பரத் சுரேஷ், ஆதவன் ராஜமோகன் என்ற பெயர்களைக் கண்டதும் பலர் மகிழ்ந்தனர். யுத்த காலத்தில் கடல் கடந்து போன தலைமுறை ஒன்றின் பிள்ளைகள் எங்கெங்கோ பந்துதைத்து வளர்ந்தனர். அவர்களிற் சிலர் பெற்றோர் விட்டுச்சென்ற நாட்டுக்காக ஆட வருவதில் ஒரு நெகிழ்ச்சி உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மற்றப் பாதி மனம் வேறொன்றைக் கேட்கிறது. இங்கேயே இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள் எங்கே? ஏ-9 வீதி மூடப்பட்டுக் கிடந்த காலங்களில் கொழும்பிலே நடக்கும் தெரிவுக்கு ஒரு பையன் போய்வருவது எத்தனை பெரிய காரியமாயிருந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவர். இன்று வீதி திறந்திருக்கிறது. இரவு பஸ் ஓடுகிறது. 2016 இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கும் இருக்கிறது. புனித பத்திரிசியார் கல்லூரியிலும் இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியிலும் பிள்ளைகள் பந்தை விடவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்பிள்ளைகள் தேசிய மட்டத்தில் வென்று காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டில் ஆடுபவனுக்கு அவன் கழகம் பயிற்சி கொடுக்கிறது, உணவு கொடுக்கிறது, வைத்தியம் பார்க்கிறது. பாசையூர்ப் பையனுக்கு இம்மூன்றையும் கொடுப்பவர் யார்? இது பயிற்றுநர் ஒருவர் தலையில் முழுவதும் கட்டக்கூடிய பழியன்று. சம்மேளனமும் லீக்கும் பாடசாலையும் பதில் கூற வேண்டியது.

ஆயினும் பயிற்றுநரிடம் கேட்கத்தக்க பங்கு ஒன்று உண்டு. அவரோ அவருடைய உதவியாளரோ வடக்கே வந்து, கடற்கரை மைதானங்களில் நான்கு ஆட்டமாவது இருந்து பார்த்து, இருவர் மூவர் பெயரையாவது குறித்துக்கொண்டு போகலாம். எல்லைக்கோட்டருகே நிற்கும் எங்கள் பயிற்றுநர்கள் அன்று அவருக்குப் பெயர்ப்பட்டியலே எழுதிக் கொடுப்பார்கள். அதில் அவரவர் மருமகன் பெயரும் இருக்கும்.