சுழல் ரைஃபிள் ஏன் நிலைக்கவில்லை?

ரிவால்வரில் இருக்கும் சுழல் உருளையை நீளக் குழல் வைத்த ரைஃபிளில் பொருத்தினால் என்ன? சாமுவேல் கோல்ட் ஆரம்பத்திலேயே இதை யோசித்துவிட்டார். 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபின் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் கைத்துப்பாக்கியோடு சுழல் ரைஃபிளும் செய்தார். கைத்துப்பாக்கி உலகம் சுற்றியது. ரைஃபிள் அருங்காட்சியகத்துக்குப் போயிடுச்சு. இதற்குக் காரணம் பாதி துப்பாக்கியில், மீதி தோட்டாவில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அப்போது இன்றைய மாதிரித் தோட்டா கிடையாது. உருளையின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை வைத்து அழுத்தணும். அறையின் பின்பக்கம் சின்னதாக ஒரு மூக்கு, அதன்மேல் தொப்பி போல ஒரு செப்பு கேப். சுத்தியல் அதில் அடித்தால் பொறி உள்ளே போய் மருந்து பற்றும். (தீபாவளித் துப்பாக்கியின் பொட்டு வெடிக்கு இது பெரியண்ணன்.)

உருளை சுழலணும் என்றால் அதற்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தே ஆகணும். சுடும்போதெல்லாம் அந்த இடுக்கு வழியாகத் தீயும் வாயுவும் பக்கவாட்டில் பீய்ச்சும். சில சமயம் அந்தத் தீ பக்கத்து அறையின் மருந்தையும் பற்றவைத்துவிடும். இதற்கு 'செயின் ஃபயர்' என்று பெயர். கைத்துப்பாக்கியில் கை உருளைக்குப் பின்னால் இருப்பதால் பெரும்பாலும் பயத்தோடு போயிடும். ரைஃபிளை எப்படிப் பிடிப்போம், யோசிச்சுப் பாருங்க. இடது கை குழலுக்கு அடியில், உருளைக்கு முன்னால்! பக்கத்து அறைக் குண்டு கிளம்பினால் அதன் வழியில் இருப்பது நம்ம கைதான்.

1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஹைரம் பெர்டனின் குறிசுடும் படைக்கு கோல்ட்டின் 1855 மாடல் ரைஃபிளைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஷார்ப்ஸ் ரைஃபிள். அது வரும்வரை இதைச் சகித்துக்கொண்டார்கள். (இதே பெர்டன் பின்னாளில் உருவாக்கிய பிரைமர் இன்னிக்கும் தோட்டாக்களில் புழங்குகிறது.) ஆனாலும் அந்த ரைஃபிளை ஒரேயடியாகத் திட்டுவது நியாயமில்லை. 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா போர். யூனியன் படை பின்வாங்க, 21-வது ஒஹையோ படையினர் மேட்டில் நின்று, குண்டு தீரும்வரை தாக்குதல்களைத் தடுத்தது இதை வைத்துத்தான். ஒருமுறை நிரப்பினால் ஐந்து குண்டு. வாய்வழி நிரப்பும் சாதாரண ரைஃபிளில் ஒன்றே ஒன்று.

மருந்தை உலோகக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால் செயின் ஃபயர் தொல்லை போயிடும். அதற்கு உருளையின் அறைகள் முன்னிருந்து பின்வரை முழுத் துளையாக இருக்கணும். அந்த யோசனைக்கு 1855-லேயே ரோலின் ஒயிட் என்பவர் காப்புரிமை எடுத்திருந்தார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிக்கு 25 சென்ட் கொடுத்து உரிமையைப் பெற்று, 1857-ல் .22 ரிவால்வரை இறக்கியது. 1869 வரை அமெரிக்காவில் கோல்ட்டின் கை கட்டப்பட்டிருந்தது.

அதற்குள் ஆட்டமே மாறிப்போச்சு. உலோகக் கூடு வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் வாயு கசியாது. அப்புறம் குண்டுக்கு ஒரு அறை எதற்கு? குழலோடு சேர்ந்த ஒரே அறை போதும்; தோட்டாக்களை ஒரு குழாயில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளலாம். 1860-ல் காப்புரிமை பெற்ற ஸ்பென்சரும் ஹென்றியும் செய்தது இதைத்தான். ஸ்பென்சரின் கட்டைக்குள் இருந்த குழாயில் ஏழு தோட்டா. ஹென்றியில் குழலுக்கு அடியில் பதினைந்து. முன்னால் இடுக்கும் இல்லை, கைக்கு ஆபத்தும் இல்லை.

1879-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், உலோகத் தோட்டா போடும் சுழல் ரைஃபிள் ஒன்றைச் செய்து பார்த்தது. செயின் ஃபயர் இல்லை. ஆனால் இடுக்கு அப்படியே இருந்தது. மொத்தம் செய்தது 977 தான்.