சீரங்கப்பட்டண வில்லை: அடையாளம் காணும் முறை

அரபு எழுத்துப் பொறித்த பழைய உலோக வில்லையொன்று மண்ணிலிருந்து கிடைக்குமாயின், அது முஸ்லிம் மன்னர் ஒருவரின் காசு என்றே நாம் எளிதில் முடிவு கட்டிவிடுவோம். எழுத்தை அறிந்தால் மட்டும் போதாது, அதை எழுதுவித்தவர் யார் என்பதையும் அறிதல் வேண்டும் என்பதற்குச் சீரங்கப்பட்டண வில்லை தக்க சான்றாகும்.

தோல் தொழிலால் இன்று பெயர்பெற்றுள்ள நம் பாலாற்றங்கரை ஊர்கள் ஒரு காலத்தில் போர்க்களங்களாக இருந்தவை. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் 1749-இல் ஆம்பூரில் போரிட்டு வீழ்ந்தார். 1767-இல் ஹைதர் அலீ ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் ஷஹீதானபின், அவர்தம் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அக்கோட்டையிலேதான்.

திப்புவை வென்றதன் நினைவாகக் கிழக்கிந்தியக் கும்பினியார் வெளியிட்டதே இவ்வில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரையடுத்த சோஹோ அச்சகத்தில் இது உருவாயிற்று. வடிவமைத்தவர் கூக்லர் என்னும் கலைஞர். போரில் ஈடுபட்டோர்க்கு அவரவர் தகுதிநிலைக்கேற்பப் பொன், பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐவகையில் இது வழங்கப்பெற்றது. சிப்பாய்களுக்குக் கிட்டியது வெள்ளீயமே.

இதன் அடையாளங்களைக் காண்போம். குறுக்களவு ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் சிங்கமொன்று புலியை வீழ்த்தி நிற்கும். புலி திப்புவின் சின்னம். சிங்கம் ஆங்கிலேயரின் சின்னம். அடியில் போர் நடந்த நாள் உரோமானிய இலக்கத்தில் அமைந்திருக்கும். மறுபக்கத்தில் கோட்டையைத் தாக்கும் காட்சியும், தாக்குதல் நிகழ்ந்த நண்பகலைக் குறிக்கும் கதிரவனும், கீழே பாரசீகத்தில் ஹிஜ்ரி 1213 துல்கஅதா 28 என்ற நாளும் காணப்படும்.

சிங்கத்தின் மேலே பறக்கும் கொடியில்தான் நம்மைத் தடுமாறச் செய்யும் அரபுத் தொடர் உள்ளது. 'அஸதுல்லாஹ் அல்-காலிப்', அதாவது 'இறைவனின் வெற்றிச் சிங்கம்' என்பது அத்தொடர். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயராகிய அதனைத் திப்பு சுல்தான் புலிமுக வடிவில் எழுதுவித்துத் தம் படைக்கலங்களில் பொறித்தார். வென்றவர்கள் அவருடைய முழக்கத்தையே எடுத்துத் தங்கள் சிங்கத்துக்குச் சூட்டிவிட்டனர். திப்புவின் காசு என்று கருதி இவ்வில்லையைப் போற்றுவோர், அறியாமலே அவரது வீழ்ச்சியைக் கொண்டாடியவர்களின் சின்னத்தைப் போற்றுகின்றனர்.

திப்புவின் செம்புக் காசுகளிலோ பெரும்பாலும் யானை உருவமே இருக்கும். அச்சிட்ட ஊரின் பெயரும் இடம்பெறும். வில்லையில் அச்சிட்ட ஊர்ப் பெயருமில்லை, நாணய மதிப்புமில்லை. அது செலாவணிக்கு உரியதன்று, நினைவுக்கு உரியது என்பதற்கு இதுவே சான்று.

அரபு எழுத்து இருப்பதால் வில்லை திப்புவினுடையது ஆகாததுபோல, கும்பினியின் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வில்லை கும்பினியினுடையது ஆகிவிடாது. இராமர், அனுமன் உருவங்களோடு ஆங்கிலத்தில் கும்பினியின் பெயரும் அணா மதிப்பும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்த வில்லைகள் சந்தைகளில் உலவுகின்றன. அவை பிற்காலப் போலிகள். அரிசியை ஈர்க்கும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்று கூறி அவற்றைக் காட்டிப் பணம் பறிப்போரிடம் நம்மவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

உழும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ இத்தகைய பொருள் கிடைத்தால் அதைத் தேய்த்துத் துலக்கலாகாது; எழுத்து அழிந்துவிடும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதைபொருளைக் குறித்து மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழி அறிவித்தல் கடமையாகும். உலோகம் கண்டறியும் கருவியுடன் வேலூர்க் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் தோண்டுவது குற்றம்.

தமிழ், அரபு, பாரசீகம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகள் கலந்து வழங்கும் மண் நம்முடையது. அம்மொழிகளைக் கற்கும் மாணவர்கள் அவற்றின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பார்களாயின், மண்ணுக்குள் கிடக்கும் சான்றுகள் பிழையின்றிப் பேசும்.