மூன்றரை வருஷக் கோடைப் பயணம்

இரண்டு குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு வாரம் வெளியூர் போய் வருவதற்குள் வீட்டில் எத்தனை அமர்க்களம்! மாற்று உடுப்பு எடுத்தாயா, காய்ச்சல் மருந்து எங்கே, ஜன்னலோரம் யார் உட்காருவது என்று ஆயிரம் கவலை. ரயிலும் விமானமும் உள்ள காலத்திலேயே இந்தப் பாடு!

1763-ம் வருஷம் ஜூன் 9-ந் தேதி, ஒரு தகப்பனார் தம் மனைவியையும், பதினொரு வயதுப் பெண்ணையும், ஏழு வயதுப் பையனையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினார். நல்ல கோடை காலம். பனிக்காலம் வந்தது, போயிற்று. மறுபடி கோடை வந்தது. அவர்கள் வீடு திரும்பியது எப்போது தெரியுமா? 1766-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி!

அந்தப் பையன்தான் மோஸார்ட். மேனாட்டுச் சங்கீதத்தில் 'ச' நாவறியாதவர்கள்கூட அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் இங்கே நாம் பார்க்கப் போவது அவனுடைய சங்கீதத்தை அல்ல. ஒரே வண்டிக்குள் மூன்றரை வருஷம் குலுங்கிக் குலுங்கிச் சென்ற அந்தக் குடும்பத்தை.

வண்டி கிளம்பியது

தகப்பனார் லியோபோல்ட் மோஸார்ட், சால்ஸ்பர்க் நகரில் பிரபு - பேராயரின் சமஸ்தானத்தில் வித்வான். வயலின் கற்பதற்கு அவர் எழுதிய புத்தகம் 1756-ல் வெளிவந்தது. அதே வருஷம்தான் பையன் வுல்ப்காங்கும் பிறந்தான். தாயார் ஆன்னா மரியா பெற்ற குழந்தைகள் ஏழு; தங்கியவை இரண்டு. மூத்தவள் மரியா ஆன்னா. வீட்டில் செல்லமாக 'நான்னெர்ல்'. ஐந்து குழந்தைகளைப் பறி கொடுத்த தாய், மிஞ்சிய இரண்டையும் ஊர் ஊராக அழைத்துச் செல்லச் சம்மதித்தாள் என்றால், அவள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

முதல் நாளே சகுனம் சரியில்லை. வாஸர்பர்க் என்ற ஊரை நெருங்கும்போது வண்டிச் சக்கரம் முறிந்துவிட்டது. நாமாக இருந்தால் வண்டிக்காரனைத் திட்டியிருப்போம். லியோபோல்டோ பையனைக் கூட்டிக்கொண்டு உள்ளூர் மாதா கோயிலுக்குப் போனார். அங்கே இருந்த ஆர்கனில் காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகளைக் காட்டி விளக்கினார். பையன் முக்காலியைத் தள்ளினான். நின்றபடியே மிதித்து வாசிக்கத் தொடங்கிவிட்டான்! பல மாதம் பழகியவன் போல் வாசித்தான் என்று தகப்பனார் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

வழியில் ஆக்ஸ்பர்க் நகரில், பயணத்தில் பழகுவதற்கென்று எடுத்துச் செல்லக்கூடிய சிறு பியானோ வாத்தியம் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்குவது போல் இவர்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்!

முத்தம் கொடுத்தால் வாடகை தீருமா?

பிராங்பர்ட் நகரக் கச்சேரிக்கு வந்தவர்களில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனும் உண்டு. பிற்காலத்தில் மகாகவியான கதே! தலையில் பொய் முடியும் இடுப்பில் வாளுமாக நின்ற அந்தச் சின்ன மனிதனைக் கிழ வயதிலும் அவர் மறக்கவில்லை.

கச்சேரி என்றால் சன்மானம் உண்டு. ஆனால் ராஜ குடும்பத்தார் பணத்துக்குப் பதில் பொடி டப்பியும் கடிகாரமும் கொடுத்துவிடுவார்கள். இவற்றை வைத்து ஒரு கடையே திறக்கலாம் என்று லியோபோல்ட் அலுத்துக்கொண்டார். ஆகென் நகரில் பிரஷ்ய மன்னரின் தங்கை அமேலியா, குழந்தைகளை வாரி அணைத்து முத்த மழை பொழிந்தாள். கையில் காசு இல்லை! அந்த முத்தங்கள் பொற்காசுகளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், விடுதிக்காரனுக்கு முத்தத்தால் கணக்குத் தீர்க்க முடியாதே என்று அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் சிரிப்பும் வரும். அந்த மனிதர் மீது இரக்கமும் வரும்.

பாரிஸில் குளிர்காலம். 1764-ம் வருஷப் பிறப்பன்று வெர்ஸேல்ஸ் அரண்மனையில் ராஜ விருந்து. வுல்ப்காங் மகாராணியின் பக்கத்தில் நின்றான். அவள் தட்டிலிருந்து எடுத்து எடுத்து ஊட்டினாள். அவனுடன் ஜெர்மன் மொழியில் பேசி, அந்த மொழி தெரியாத பதினைந்தாம் லூயி மன்னருக்குப் பிரெஞ்சில் சொன்னாள்.

ஆனால் குழந்தை குழந்தைதானே? பயணத்தின் முதல் கோடையிலேயே ஒரு நாள் காலையில் வுல்ப்காங் விழித்ததும் அழுதான். ஏன் என்று கேட்டால், ஊரில் இருக்கும் சிநேகிதர்களையெல்லாம் பார்க்க முடியவில்லையே என்றானாம்.

வண்டிக்குள் ஓர் இராஜ்யம்

நாள் முழுதும் வண்டிக்குள் அடைந்து கிடக்கும் குழந்தைகள் என்ன செய்வார்கள்? அக்காவும் தம்பியும் தங்களுக்கென்று ஒரு ராஜ்யத்தையே கற்பனை செய்துகொண்டார்கள். அது குழந்தைகளின் ராஜ்யம், வுல்ப்காங்தான் ராஜா. ஊர்களுக்கெல்லாம் அவன் பெயர் சொல்லச் சொல்ல, கூட வந்த வேலைக்காரன் தேசப்படம் வரைந்து கொடுத்தான்.

நான்னெர்ல் பார்த்ததையெல்லாம் சிறு குறிப்புகளாக எழுதி வைத்தாள். சால்ஸ்பர்க்கில் கடல் ஏது? கலே துறைமுகத்தில் கடல் நீர் ஓடிப்போவதையும் திரும்பி வருவதையும் கண்டு அதிசயித்து எழுதினாள். லண்டனில் வரிக்குதிரையைப் பார்த்தாள். வெள்ளையும் காப்பி நிறமுமாகக் கோடு போட்ட கழுதை, ஓவியர்கூட இவ்வளவு ஒழுங்காகத் தீட்ட முடியாது என்று குறித்தாள். எவ்வளவு கூர்மையான கண்கள் பாருங்கள்!

லண்டன் வாசம்

1764 ஏப்ரல் 23-ந் தேதி லண்டன் சேர்ந்தார்கள். நாலே நாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் கச்சேரி; சன்மானம் 24 கினி. சில நாள் கழித்து பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, வண்டியில் சென்ற மன்னரே ஜன்னல் வழியே தலையை நீட்டி இவர்களுக்குக் கையசைத்தாராம்.

விளம்பரங்களில் மட்டும் குழந்தைகளின் வயது ஒன்று குறைந்திருக்கும். அரை டிக்கெட்டுக்காக வயசைக் குறைக்கும் அப்பாக்கள் நம் ஊரில் மட்டும்தானா உண்டு?

அந்தக் கோடையில் தகப்பனார் கடும் நோயில் விழுந்தார். நல்ல காற்றுக்காக ஊருக்கு வெளியே செல்ஸியில் வீடு எடுத்தார்கள். நோயாளி தூங்க வேண்டும். வீட்டில் யாரும் வாத்தியத்தைத் தொடக் கூடாது! எட்டு வயதுப் பையன் சும்மா இருப்பானா? பேனாவை எடுத்து, முழு வாத்தியக் கோஷ்டிக்கும் சிம்பனி எழுத உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்து பிரதி எடுத்தவள் அக்காதான். கொம்பு வாத்தியத்துக்கு நல்ல வேலை கொடுக்கும்படி ஞாபகப்படுத்து என்று தம்பி சொன்னதை முதுமையிலும் அவள் நினைவு வைத்திருந்தாள்.

லண்டன் மோகமும் தணிந்தது. முதலில் அரை கினிக்கு விற்ற சீட்டு, 1765 ஜூலையில் இரண்டரை ஷில்லிங்குக்கு இறங்கியது. ஒரு மதுக்கடையின் அறையில் தினமும் பகல் மூன்று மணி நேரம் குழந்தைகள் வாசித்தார்கள். கட்டைகளைத் துணியால் மூடி, அதன் மேல் வாசிக்கச் சொல்லி வேடிக்கை வேறு! பாரிங்டன் என்ற அறிஞர் பையனைச் சோதிக்க வந்தார். கடினமான பாட்டை அநாயாசமாக வாசித்துக்கொண்டிருந்தவன், பூனை ஒன்று உள்ளே வந்ததும் எழுந்து ஓடிவிட்டான். பிறகு ஒரு கோலைக் குதிரையாக்கி அறையெங்கும் சவாரி செய்தான்.

அந்த இரவுகள்

ஊர் திரும்பலாம் என்று புறப்பட்டவர்களை ஒரு டச்சுத் தூதர் வழிமறித்தார். ஹேக் நகரில் கர்ப்பிணியாக இருக்கும் இளவரசிக்கு இந்தக் குழந்தையைப் பார்க்க ஒரே ஆசையாம். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையை மறுக்கலாமா என்று லியோபோல்ட் திசை மாறினார். பின்னர் அவர் எவ்வளவு வருந்தியிருப்பாரோ!

ஹேக் வந்த சில நாளிலேயே நான்னெர்ல் படுத்தாள். டைபாய்டு காய்ச்சலாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். அக்டோபர் 21-ந் தேதி பாதிரியார் வந்து கடைசிச் சடங்கையும் செய்துவிட்டார். தாயும் தகப்பனும் பதினான்கு வயது மகளின் படுக்கையருகே உட்கார்ந்து, இந்த உலகம் அநித்தியம், சாவுக்கு அஞ்சாதே என்று தேற்றினார்கள். அடுத்த அறையில் வுல்ப்காங் தன் சங்கீதத்தில் மூழ்கியிருந்தான். இதையும் தகப்பனாரே எழுதி வைத்திருக்கிறார்.

இளவரசி அனுப்பிய முதிய வைத்தியர் மருந்தை மாற்றினார். பெண் பிழைத்தாள். அவள் எழுந்து நடக்கத் தொடங்கியதும் தம்பி படுத்தான்! பேச்சு மூச்சு இல்லாமல் பல நாள் கிடந்தான். எலும்பும் தோலுமாக எழுந்தான். இரவெல்லாம் பெற்றவர்கள் முறை போட்டு விழித்திருந்தார்கள். 1766 ஜனவரி 22-ந் தேதி, இரண்டு குழந்தைகளும் அதே ஊரில் மீண்டும் மேடை ஏறினார்கள். ஐயோ, இன்னும் சில மாதம் ஓய்வு கொடுத்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றுகிறது அல்லவா?

வீடு வந்தது, பிறகு?

ஆம்ஸ்டர்டாம், மறுபடி பாரிஸ், லியான், ஜெனீவா, ஜூரிச், மூனிச் என்று சுற்றி வீடு வந்தார்கள். போன இடமெல்லாம் கேட்ட சங்கீதம் பையனுக்குள் விதையாக விழுந்தது. லண்டனில் சந்தித்த யோஹான் கிறிஸ்டியான் பாக் என்ற வித்வானின் பாணி, அவனோடு ஆயுள் முழுதும் வந்தது. வீட்டிலேயே இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா? அதையும் தகப்பனார் பக்கம் நின்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அக்கா? 1769 டிசம்பரில் தகப்பனார் இத்தாலிக்குக் கிளம்பியபோது பையனை மட்டும்தான் அழைத்துப் போனார். பெண் வளர்ந்துவிட்டாள், தாயாருடன் வீட்டில் இருந்தாள். ஐரோப்பாவின் அரசர்கள் கை தட்டிய விரல்கள், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. 1784-ல், முன்பே இரு முறை மனைவியை இழந்து, ஐந்து குழந்தைகளும் உள்ள ஓர் அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். தாயார் 1778-ல் மகனுடன் சென்ற இன்னொரு பயணத்தில் பாரிஸில் கண்ணை மூடினாள். தம்பி 1791-ல் முப்பத்தைந்து வயதில் போய்விட்டான். அக்கா 1829 வரை இருந்தாள். கடைசியில் கண் பார்வையும் போயிற்று.

வண்டிக்குள் இருந்த ராஜ்யம், வேலைக்காரன் வரைந்த படம், பூட்டிய வாத்தியத்தின் அருகே எழுதிய சிம்பனி எல்லாம் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அவள் சொல்லித்தான். கடல் திரும்பி வந்ததை எழுதிய அந்தக் குறிப்புகளும் இன்று வரை இருக்கின்றன.

அடுத்த விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது, தாய்மார்களே, பெண்ணின் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். ஊர் திரும்பிய பிறகும், அதை மூடி வைத்துவிடச் சொல்லாதீர்கள்!