வாய் திறவாத வாடிக்கைக்காரர்

1909-ஆம் ஆண்டில் ஒக்கில் சந்திர சென் என்னும் வங்காளப் பயணி, சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் மிகுதியாக உண்டு வயிறு உப்பிய நிலையில் அவர் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்தவர், பிளாட்பாரத்தில் எல்லோரும் பார்க்க விழுந்தார், வண்டியும் போய்விட்டது. பிழை மலிந்த ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அக்கடிதம், புதுடில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றிருக்கிறது. கீழ் வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை ஏற்பட அதுவே காரணம் என்பது ரயில்வேக்காரர்களாகிய எங்களிடையே வழங்கிவரும் செய்தி.

கடிதத்தைப் படிப்போர் சிரிப்பது இயல்பு. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடியது 1853-இல். அதற்கும் இக்கடிதத்திற்கும் இடையே 56 ஆண்டுகள். அவ்வளவு காலத்தில் எத்தனை இலட்சம் பேர் அதே இன்னலை அடைந்திருப்பர்! எழுதத் துணிந்தவர் சிலரே. ஏனையோர் பல்லைக் கடித்துக்கொண்டு பயணம் செய்தனர். பேசாதிருந்தவர்களையெல்லாம் திருப்தியடைந்தவர்கள் என்று கணக்கெழுதினால், அக்கணக்கு எத்துணைப் பொய்யானது!

நானும் அவ்விதம் கணக்கெழுதியவனே. டிக்கெட் ஜன்னலில் அமர்ந்த புதிதில், என் நேரத்தில் புகார்ப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை என்று பெருமை பேசினேன். மூத்த குமாஸ்தா ஒருவர் புன்னகைத்து, "புத்தகம் வெற்றாக இருப்பது இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அது அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. இன்று 139 என்ற தொலைபேசி எண்ணும், 'ரயில் மதத்' என்ற இணைய ஏற்பாடும் பயணியின் கையருகே உள்ளன. ஆயினும் அம்மூத்தவரின் கேள்வி எல்லாத் தொழிலுக்கும் இன்றும் பொருந்துவதே.

நாகபுரியில் எங்கள் குடியிருப்பை அடுத்து நெல்லைச் சீமை அண்ணாச்சி ஒருவர் கடை வைத்திருக்கிறார். புழுங்கலரிசி, நல்லெண்ணெய், அப்பளம், காப்பிப்பொடி என ஊரின் மணத்தை எங்களுக்கு எடைபோட்டுத் தருபவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய வியாபாரம் காரணம் புரியாமல் தேய்ந்தது. கடையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்புவதா என்ற நிலை வந்தபோது, கணக்குப் பார்த்துத் தரும்படி என்னை அழைத்தார். "ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லலையே தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பற்றுவரவுப் புத்தகத்தைப் பிரித்தோம். மாதம்தோறும் தவறாமல் வந்த 40 வீடுகளில் 11 பெயர்கள் நின்றுபோயிருந்தன. அவை யாவும் ஒரே பருவத்தில் நின்றவை. முதலில் நின்றது காப்பிப்பொடி, பிறகு அரிசி, பிறகு பெயரே இல்லை. மொத்த வியாபாரி சிக்கரியைக் கூட்டி அனுப்பியிருக்கிறார். நீரிழிவுக்காரரான அண்ணாச்சி காப்பி அருந்துவதில்லை; ஆகவே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பதினொன்றில் ஒரு பெயர் என்னுடையது. சுவை மாறியதை முதல் நாளே உணர்ந்தேன்; முகம் முறியுமே என்று தயங்கி, வேறு கடைக்குப் போய்விட்டேன். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

மறுவாரம் அண்ணாச்சி சரக்கு வாங்குமிடத்தை மாற்றினார். காப்பி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று பொட்டலத்தின்மேல் தெளிவாகக் குறித்தார். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும், அளவைக் குறிப்பிட வேண்டும் என்பதும் நம் நாட்டுச் சட்டமே. நின்றுபோன வீடுகளுக்குத் தாமே சென்று ஒரு பொட்டலம் கொடுத்து, "எதனால் வராமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஏழு வீடுகள் வந்தன. கடை நின்றது.

பெரிய நிறுவனங்கள் இதையே எண்களால் அளக்கின்றன. 2003-இல் ஃபிரெட் ரெய்க்கெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் ஒரு முறையை வெளியிட்டார். 'எங்களைப் பற்றி நண்பரிடம் சொல்வீர்களா?' என்று கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பெண் பெறுவது. 9, 10 தருவோர் ஆதரவாளர், 7, 8 தருவோர் நடுவர், 6-க்குட்பட்டோர் மனக்குறையுடையோர். நூறு பேரில் 50 பேர் ஆதரவாளர், 20 பேர் மனக்குறையுடையோர் எனில், மதிப்பு 30. எளிய முறைதான். ஆனால் எத்தனை பேருக்கு மனக்குறை என்பதை மட்டுமே அது கூறும். ஏன் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்காமலே சென்றுவிட்டவரோ அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

நம் அன்பர்களுள் கடை, மெஸ், தையல் நிலையம் நடத்துவோர் பலர். அவர்கள் மாதம் ஒருமுறை தம் புத்தகத்தைப் புரட்டி, வந்தவர்களை மட்டுமன்றி வராதவர்களையும் எண்ணுவார்களாக. குறை சொல்ல வருபவரை வம்புக்காரர் என்று கருத வேண்டாம். நம்மிடம் இன்னும் நம்பிக்கை இழக்காதவரே வாய் திறக்கிறார்.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் ஒருவரைச் சொல்லாமல் கைவிடுவது நாகரிகமன்று. குறையைத் தனியே அழைத்து, இன்சொல்லால் கூறுவோம். இப்பொழுதெல்லாம் அண்ணாச்சி கடையில் நான் காப்பிப்பொடி வாங்கும்போது, "போன தடவை எப்படி இருந்தது?" என்று கேட்காமல் பொட்டலத்தைக் கையில் தருவதில்லை. நானும் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.